கம்ப்யூட்டருக்கும் கூரை வேய வேண்டும்!
தானாக அப்டேட் ஆகும்படி வைத்துக்கொள்வது எப்படி?



நம் குழுக்கள் தொடங்கிய காலத்தில் எல்லாமே நோட்டுதான். தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், பேரேடு, தனிநபர் பாஸ் புத்தகம் என்று அடுக்கி ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருப்போம். பெட்டி ஒருவர் வீட்டில் இருக்கும், சாவி இன்னொருவர் வீட்டில் இருக்கும். இப்போது பல கூட்டமைப்பு அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. உறுப்பினர் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், யாருக்கு எவ்வளவு கடன், யார் எத்தனை தவணை கட்டியிருக்கிறார் என்ற விவரம் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. பெட்டி மாறிவிட்டது. ஆனால் அதைப் பூட்டிப் பாதுகாக்கும் பொறுப்பு மாறவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் அவ்வப்போது ஒரு மூலையில், 'அப்டேட் வந்திருக்கிறது, ரீஸ்டார்ட் செய்யுங்கள்' என்று செய்தி காட்டும். "வேலை நேரத்துல இது வேற" என்று சொல்லி அதை மூடிவிடுகிற வழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. இன்னும் சில இடங்களில், கம்ப்யூட்டர் சரிசெய்ய வந்தவரிடமே சொல்லி அந்தச் செய்தி வராதபடி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இது பூட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குவது மாதிரி. ஏன் அப்படிச் சொல்கிறோம், என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த மாதம் பார்ப்போம்.

அப்டேட் என்றால் என்ன?

கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருளுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். நம் அலுவலகங்களில் பெரும்பாலும் இருப்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். இது கோடிக்கணக்கான வரிகளில் எழுதப்பட்டது. அவ்வளவு பெரிய எழுத்தில் எங்காவது ஓட்டை இருக்கத்தான் செய்யும். கட்டி முடித்த வீட்டில் மழை பெய்யும்போதுதானே எங்கே ஒழுகுகிறது என்று தெரிகிறது? அதுபோல மென்பொருளிலும் ஓட்டைகள் பிறகுதான் தெரியவரும். தெரிந்ததும் நிறுவனம் அதை அடைப்பதற்கான திருத்தத்தைத் தயார் செய்து இணையம் வழியாக அனுப்புகிறது. அந்தத் திருத்தம்தான் அப்டேட்.

ஐப்பசி மழைக்கு முன்னால் கூரையில் பழைய கீற்றை எடுத்துவிட்டுப் புதுக் கீற்று வேய்கிறோம். ஓடு நழுவியிருந்தால் சரிசெய்கிறோம். 'போன வருஷம்தானே வேய்ந்தோம்' என்று விட்டால் அடைமழையில் பாத்திரம் வைத்துப் பிடிக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டருக்கு இந்த வேலை ஆண்டுக்கு ஒரு முறை போதாது, மாதா மாதம் வேண்டும். அதைத் தானாகவே செய்துகொள்ளும்படி வைப்பதற்குத்தான் தானியங்கி அப்டேட் என்று பெயர்.

அப்டேட் செய்யாவிட்டால் என்ன ஆகும்?

ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்கிறோம். 2017ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று விண்டோஸில் இருந்த ஒரு பெரிய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. தானாக அப்டேட் ஆகும்படி வைத்திருந்தவர்களுக்கு அது வந்து சேர்ந்தது. நிறுத்தி வைத்திருந்தவர்களுக்கும், தள்ளிப்போட்டவர்களுக்கும் வரவில்லை. சரியாக 59 நாள் கழித்து, மே 12 அன்று, 'வான்னாக்ரை' என்ற தீய மென்பொருள் அதே ஓட்டை வழியாக நுழைந்தது.

இதில் யாரும் எந்த லிங்கையும் அழுத்தித் தவறு செய்ய வேண்டியதே இல்லை. ஓட்டை அடைக்காத ஒரு கம்ப்யூட்டருக்குள் புகுந்தால், அங்கிருந்து இணைப்பில் உள்ள மற்றக் கம்ப்யூட்டர்களைத் தானே தேடிப் போகும். உள்ளே போனதும் கடிதம், கணக்கு, படம் எல்லாவற்றையும் திறக்க முடியாதபடி பூட்டிவிடும். 'திறக்க வேண்டுமானால் 300 டாலர் கட்டு' என்று திரையில் மிரட்டல் வரும். அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 19 ஆயிரம் ரூபாய்.

சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் முடங்கி, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை தள்ளிப்போனது. "அதெல்லாம் பெரிய பெரிய ஆபீசுக்குத்தான் வரும், நம்ம ஊருக்கு எங்க வரப்போகுது?" என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில், வயநாடு மாவட்டத்தில், ஒரு கிராம ஊராட்சி அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களும் அப்போது பூட்டப்பட்டன. அந்த மென்பொருளுக்கு ஊர் பெரிதா சிறிதா என்று தெரியாது. ஓட்டை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

இதில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திருத்தம் வெளியானவுடன், எங்கே ஓட்டை இருந்தது என்பது திருடர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. அந்தத் திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் அப்டேட் வந்த பிறகு தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும், வராத காலத்தைவிட ஆபத்தானது.

அப்டேட் எப்போது வரும்?

2003ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் இதற்கு ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் காலை நேரத்தில் வெளியிடுவார்கள். அப்போது நமக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி ஆகியிருக்கும். எனவே இரண்டாவது செவ்வாய்க்கு மறுநாள் நம் கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரத் தொடங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மிக அவசரமான ஓட்டை என்றால் இடையிலும் ஒன்று வரும். இது தவிர, விண்டோஸோடு இலவசமாகவே வரும் 'டிஃபெண்டர்' என்ற வைரஸ் தடுப்பு, புது வைரஸ்களின் அடையாளத்தை அன்றாடம் வாங்கிக்கொள்ளும். அது சிறியது, நமக்குத் தெரியாமலே நடந்துவிடும்.

"ஆனா அக்கா, இது பெரிய இடைஞ்சலா இருக்கே!"

அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும் சகோதரிகளிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் மூன்று குறைகள் வரும். மூன்றும் நியாயமானவை. மூன்றுக்கும் வழி இருக்கிறது.

முதல் குறை: "பேங்குக்கு லோன் லிஸ்ட் அடிச்சிட்டு இருக்கும்போது அதுபாட்டுக்கு ஆஃப் ஆகி ஆன் ஆகுது." நம் வேலை நேரம் எது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்துவிட்டால், அந்த நேரத்தில் அது தானாக ரீஸ்டார்ட் ஆகாது. எப்படிச் சொல்வது என்று கீழே எழுதியிருக்கிறோம்.

இரண்டாவது குறை: "செல்போன் நெட்டுலதான் ஓட்டுறோம். அப்டேட் வந்தா ஒரு நாள் டேட்டா முழுக்கப் போயிடுது." உண்மைதான். மாத அப்டேட் சில நூறு எம்.பி. முதல் ஒரு ஜி.பி.க்கு மேலும் இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய அப்டேட் அதைவிடவும் அதிகமாக இருக்கலாம். இதற்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது.

மூன்றாவது குறை: "பாதியில கரண்ட் போயிட்டா?" பதிவிறக்கம் ஆகும்போது கரண்ட் போனால் கவலை இல்லை, விட்ட இடத்திலிருந்து பிறகு தொடரும். ஆனால் நீல அல்லது கருப்புத் திரையில் 30 சதவீதம், 60 சதவீதம் என்று ஓடும்போது கரண்ட் போகக்கூடாது. சில நேரம் பாதிப்பில்லாமல் தப்பும், சில நேரம் கம்ப்யூட்டர் எழவே எழாது. எனவே அந்த நேரத்தில் யு.பி.எஸ். சார்ஜ் நிறைந்திருக்க வேண்டும். மடிக்கணினி என்றால் பேட்டரி நிறைந்து, சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாளை விட்டுவிட்டு வேறு நாளில் செய்யுங்கள்.

படிப்படியாகச் செய்வோம்

கீழே சொல்வது விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டருக்கு. திரையில் எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். அதன் உச்சரிப்பைத் தமிழில் கொடுத்திருக்கிறோம். குழுவில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யலாம். ஆனால் மவுஸ் உங்கள் கையில் இருக்கட்டும். அப்போதுதான் மனதில் நிற்கும்.

1. கீபோர்டில் ஜன்னல் படம் போட்ட விசை ஒன்று இருக்கும். அதை அழுத்துங்கள். வரும் பட்டியலில் பல்சக்கரம் போன்ற 'செட்டிங்ஸ்' படத்தை அழுத்துங்கள்.

2. திறக்கும் பக்கத்தில், இடது பக்கப் பட்டியலின் கடைசியில் 'விண்டோஸ் அப்டேட்' என்று இருக்கும். அதை அழுத்துங்கள்.

3. மேலே பச்சை நிற டிக் குறியோடு 'யூ ஆர் அப் டு டேட்' என்று இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. அதன் கீழே கடைசியாக எப்போது பார்த்தது என்ற நாளும் நேரமும் இருக்கும். அது இன்றோ நேற்றோ இருக்க வேண்டும். பல மாதத்துக்கு முந்தைய நாள் இருந்தால் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள்.

4. 'செக் ஃபார் அப்டேட்ஸ்' என்ற நீலப் பட்டனை அழுத்துங்கள். காத்திருக்கும் திருத்தங்கள் வரிசையாக வரும். அவை தாமாகவே பதிவிறங்கத் தொடங்கும்.

5. 'அப்டேட்ஸ் பாஸ்டு' என்று இருந்தால் யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உள்ள 'ரெஸ்யூம் அப்டேட்ஸ்' என்பதை அழுத்துங்கள். தணிக்கை வாரம் மாதிரி உண்மையிலேயே நெருக்கடியான நேரத்தில் ஒரு வாரம் நிறுத்தி வைப்பது தவறில்லை. அந்த வசதி அதற்காகத்தான் இருக்கிறது. மறுபடி ஓடவிட மறக்கக்கூடாது, அவ்வளவுதான்.

6. அதே பக்கத்தில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போங்கள். இங்கேதான் முக்கியமான நான்கு வேலைகள் இருக்கின்றன.

• 'ஆக்டிவ் ஹவர்ஸ்' – இதுதான் நம் வேலை நேரம். 'மேனுவலி' என்று மாற்றி, காலை 9 மணி முதல் இரவு 7 மணி வரை என்று கொடுங்கள். அதிகபட்சம் 18 மணி நேரம் வரை கொடுக்கலாம். இந்த நேரத்துக்குள் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகாது.

• 'நோட்டிஃபை மீ...' என்று தொடங்கும் வரி – இதை 'ஆன்' செய்யுங்கள். ரீஸ்டார்ட் தேவைப்படும்போது முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லும்.

• 'டவுன்லோட் அப்டேட்ஸ் ஓவர் மீட்டர்டு கனெக்‌ஷன்ஸ்' – இதை 'ஆஃப்' நிலையிலேயே விடுங்கள்.

• 'ரிசீவ் அப்டேட்ஸ் ஃபார் அதர் மைக்ரோசாஃப்ட் ப்ராடக்ட்ஸ்' – இதை 'ஆன்' செய்யுங்கள். எக்செல், வேர்டு போன்றவற்றுக்கான திருத்தங்களும் சேர்ந்து வரும்.

7. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்களுக்கு மட்டும்: செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதில் 'வைஃபை', அதில் உங்கள் செல்போன் இணைப்பின் 'ப்ராப்பர்ட்டீஸ்' என்று போய், 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை 'ஆன்' செய்யுங்கள். 'இது அளந்து தரும் டேட்டா, பார்த்துச் செலவு செய்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் இது. பெரிய அப்டேட்டுகளைப் பதிவிறக்காமல் காத்திருக்கும். ஆனால் கூடவே ஒன்றையும் செய்தாக வேண்டும். மாதம் ஒரு நாள் அளவில்லாத இணைப்பு உள்ள இடத்துக்கு அந்த மடிக்கணினியைக் கொண்டுபோய் அப்டேட் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் டேட்டாவைச் சேமித்து, கணக்கைத் தொலைத்த கதையாகிவிடும்.

8. வேலை முடித்து அணைக்கும்போது பவர் பட்டனில் 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்' என்று காட்டினால் அதைத் தேர்ந்தெடுங்கள். ரீஸ்டார்ட் முழுதும் முடிந்து, பழையபடி முகப்புத் திரை வந்த பிறகு அணைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். நடுவில் 'டோன்ட் டர்ன் ஆஃப்' என்று எழுத்து ஓடும். 'அணைக்காதே' என்றுதான் அதற்குப் பொருள். எவ்வளவு நேரமானாலும் பொறுமையாக இருங்கள். பழைய கம்ப்யூட்டரில் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம்.

ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். தானியங்கி என்றாலும், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டும் இணைய இணைப்போடும் இருந்தால்தான் அப்டேட் வரும். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் மட்டும் திறந்து, ரசீது அடித்துவிட்டு மெயினை அணைக்கிற அலுவலகத்தில் அதற்கு நேரமே கிடைக்காது. இரண்டாவது செவ்வாய்க்குப் பிறகு வரும் ஏதாவது ஒரு நாளில், இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரை ஓடவிடுங்கள்.

அப்டேட் ஏற மறுக்கிறதா?

பெரும்பாலும் காரணம் சின்னதாகத்தான் இருக்கும். ஆளைக் கூப்பிடும் முன் இவற்றைப் பாருங்கள்.

தேதி சரியா? கீழே வலது மூலையில் கம்ப்யூட்டர் காட்டும் தேதியைப் பாருங்கள். பல ஆண்டு பின்னால் காட்டினால் அப்டேட் வராது, பல இணையதளங்களும் திறக்காது. பழைய கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால் இப்படி ஆகும். விலை குறைந்த சாமான்தான், மாற்றிவிடலாம்.

இடம் இருக்கிறதா? ஹார்டு டிஸ்க் நிரம்பியிருந்தால் அப்டேட் ஏறாது. செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்', 'டெம்ப்ரரி ஃபைல்ஸ்' என்று போய், வேண்டாததை அழிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதில் டிக் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். வங்கியிலிருந்து வந்த அறிக்கைகள், பதிவிறக்கிய படிவங்கள் எல்லாம் பெரும்பாலும் அதற்குள்தான் கிடக்கும்.

யாராவது பூட்டி வைத்திருக்கிறார்களா? அப்டேட் பக்கத்தில், சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று எழுதியிருக்கலாம். அரசுத் துறையோ திட்ட அலுவலகமோ கொடுத்த கம்ப்யூட்டர் என்றால் அது சரி. அவர்களைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். நாமே வாங்கிய கம்ப்யூட்டரில் அப்படி வந்தால், விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கக்கூடும். உரிமம் இல்லாத விண்டோஸைப் போடுகிறவர்கள் இப்படிச் செய்வது உண்டு. புதுக் கம்ப்யூட்டர் வாங்கும்போதே 'ஒரிஜினல் விண்டோஸா? பில்லில் எழுதிக் கொடுங்க' என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு

எந்த விண்டோஸாக இருந்தாலும் அதற்கு ஒரு கெடு உண்டு. அதற்குப் பிறகு வழக்கமான திருத்தம் வராது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இல் கெடு முடிந்தது. விண்டோஸ் 8.1க்கு 2023 ஜனவரி 10. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10 வைத்திருக்கும் தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பெறலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அது வேறு ஏற்பாடு செய்வதற்கான அவகாசம்தான்.

உங்களிடம் இருப்பது எது என்று பார்க்க, செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதில் 'அபவுட்' என்று போங்கள். செட்டிங்ஸ் என்ற பல்சக்கரமே இல்லையென்றால் அநேகமாக அது விண்டோஸ் 7 ஆகத்தான் இருக்கும்.

நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் 2011 முதல் அரசு கொடுத்த மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. சில கூட்டமைப்புகளில் அதிலேயே கணக்கும் எழுதுகிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை. இருப்பதை வைத்துத்தான் நாம் எல்லாவற்றையும் தொடங்கினோம். ஆனால் கெடு முடிந்த விண்டோஸை இணையத்தோடு இணைத்து, அதில் வங்கி வேலையும் உறுப்பினர் விவரமும் வைப்பது ஆபத்து. இதற்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, கம்ப்யூட்டர் தாங்குமானால் விண்டோஸ் 11க்கு மாற்றுவது. குறைந்தது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புச் சில்லு எல்லாம் அதற்கு வேண்டும். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இவை இருக்காது.

இரண்டு, லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறுவது. இது இலவசம், உரிமப் பிரச்சினையும் இல்லை. நம் சென்னையில் உள்ள மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்த வகைதான். உபுண்டு என்பது இன்னொன்று. உபுண்டுவில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் நீண்டகாலப் பதிப்பைப் போட்டால் ஐந்து ஆண்டு வரை திருத்தம் வரும். அதில் 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' என்பதைத் திறந்து, 'அப்டேட்ஸ்' பகுதியில் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு எதிரே 'டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால் ஆட்டோமேட்டிகலி' என்று வைத்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். மாறுவதற்கு முன், நம் பிரிண்டரும் நாம் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளும் அதில் ஓடுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று, இரண்டும் முடியாவிட்டால், அந்தக் கம்ப்யூட்டரை இணையத்தோடு இணைக்காமல் கடிதம் அடிக்க மட்டும் வைத்துக்கொள்வது.

அப்டேட்டே கெடுத்துவிட்டால்?

இந்தப் பயத்திலும் உண்மை இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய அப்டேட்டில் பிழை இருந்தது. அதனால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது பெரிய நிறுவனங்கள் வாங்கிப் போடும் மென்பொருள். நம் அலுவலகங்களில் இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அப்டேட் நூற்றுக்கு நூறு பத்திரமானது என்று நாம் சொல்ல மாட்டோம்.

அதற்காக அப்டேட்டை நிறுத்துவது வழி அல்ல. கணக்கின் நகலை வேறு இடத்தில் வைத்திருப்பதுதான் வழி. வாரம் ஒரு முறை முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் நகல் எடுங்கள். எடுத்ததும் பென்டிரைவைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். செருகியபடியே விட்டால், வான்னாக்ரை போன்ற ஒன்று வந்தால் நகலும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிடும். அப்டேட் ஏற்றும் நாளுக்கு முதல் நாள் நகல் எடுப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் எந்தப் பக்கம் போனாலும் நமக்கு நஷ்டமில்லை.

போலி அப்டேட்! உஷார்!

அப்டேட் முக்கியம் என்று நாம் தெரிந்துகொண்டதைத் திருடர்களும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஆகவே இவற்றை மறக்கவே கூடாது.

• உண்மையான விண்டோஸ் அப்டேட், செட்டிங்ஸில் உள்ள 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தில்தான் வரும். இணையத்தில் ஏதாவது படித்துக்கொண்டிருக்கும்போது, 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே அப்டேட் செய்' என்று சத்தத்தோடு குதித்து வருவது பொய். அதை அழுத்தாமல் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

• "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுறோம், உங்க கம்ப்யூட்டர்ல கோளாறு இருக்கு" என்று யாரும் தானாகப் போன் செய்ய மாட்டார்கள். அப்படி வந்தால் வைத்துவிடுங்கள். அவர்கள் சொல்லும் மென்பொருளைப் போட்டுவிட்டால், உங்கள் திரை அவர்கள் கைக்குப் போய்விடும்.

• வாட்ஸ்அப்பில் 'பேங்க் கே.ஒய்.சி. அப்டேட்' என்றோ, 'ஆதார் அப்டேட்' என்றோ வரும் கோப்பைத் திறக்காதீர்கள். பெயரில் அப்டேட் என்று இருப்பதாலேயே அது அப்டேட் ஆகிவிடாது.

• அப்டேட்டுக்கென்று ஓ.டி.பி. கேட்டால் அது நிச்சயம் மோசடி.

பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இணையவழிக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் இது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. யாருக்கும் தெரியக்கூடாது என்று மறைத்தால் நஷ்டம்தான் கூடும்.

கைபேசிக்கும் இதே விதிதான்

குழு விவரங்களைப் பதிவேற்றும் வேலை பல இடங்களில் கைபேசியிலேயே நடக்கிறது. அதிலும் செட்டிங்ஸுக்குள் 'சிஸ்டம் அப்டேட்' அல்லது 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்று இருக்கும். மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். செயலிகளுக்கு, ப்ளே ஸ்டோரில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸில் 'ஆட்டோ அப்டேட் ஆப்ஸ்' என்பதை 'வைஃபை இருக்கும்போது மட்டும்' என்று வைத்தால் டேட்டா செலவாகாது. வைஃபையே கிடைக்காதவர்கள், மாதம் ஒரு நாள் மீந்த டேட்டாவில் தாங்களாகவே அப்டேட் செய்துகொள்ளலாம்.

யார் பொறுப்பு?

'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்று விட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். கடன் வசூல் விஷயத்தில் நமக்கு இது நன்றாகவே தெரியும். எனவே அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துத் தீர்மானம் போட்டுவிடுங்கள். மாதிரிக்கு ஒன்று கீழே:

'நமது கூட்டமைப்புக் கம்ப்யூட்டரில் தானியங்கி அப்டேட் எப்போதும் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்குப் பிறகு மூன்று நாட்களுக்குள் கணக்காளர் நகல் எடுத்து, அப்டேட் ஏறியதைச் சரிபார்த்து, தேதியிட்டு நோட்டில் எழுத வேண்டும். நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அப்டேட்டை நிறுத்தி வைப்பதாக இருந்தால் காரணத்தையும் மறுபடி தொடங்கும் தேதியையும் எழுத வேண்டும் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.'

கையொப்பமிடும் சகோதரிக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பச்சை டிக் இருக்கிறதா, 'அப்டேட் ஹிஸ்டரி' என்ற பகுதியில் இந்த மாதத் தேதி இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். கணக்குத் தெரியாத காலத்திலேயே ரொக்கத்தை எண்ணிச் சரிபார்த்தவர்கள் நாம். இதுவும் அப்படித்தான்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது வெறும் கணக்கு அல்ல. கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து வாரா வாரம் சேமிப்புக் கட்டிய ஒவ்வொரு சகோதரியின் பெயரும், அவர் நம்மை நம்பிக் கொடுத்த விவரமும்தான். இந்த மடலை மூடி வைத்ததும் உங்கள் கம்ப்யூட்டரின் அப்டேட் பக்கத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பதை அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.